வயது ஏறும்போது மூளைத் தண்டுவட நீரில் பெப்டைடு ஹார்மோன்கள் கூடுமா, குறையுமா?

உடலியல்_மாணவி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வயதும் மூளை ஹார்மோன்களும் என்ற தலைப்பில் ஒரு கருத்தரங்குக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். இரத்தத்தில் என்ன நடக்கிறது என்பது ஓரளவு தெளிவாக இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோனும் அது தூண்டிவிடும் ஐஜிஎஃப்-1-ம் வயதோடு குறைகின்றன, மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பையைத் தூண்டும் எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் ஏறுகின்றன, இதெல்லாம் எந்தப் பாடநூலிலும் இருக்கிறது. ஆனால் மூளைத் தண்டுவட நீருக்கு, அதாவது சிஎஸ்எஃப்-க்கு வந்தால் ஒரே குழப்பம். ஒரே பெப்டைடைப் பற்றி, அதாவது அமினோ அமிலங்கள் கோர்த்த சிறு சங்கிலியான ஹார்மோனைப் பற்றி, ஒரு கட்டுரை வயதோடு கூடுகிறது என்கிறது, அடுத்தது மாற்றமே இல்லை என்கிறது, இன்னொன்று குறைகிறது என்கிறது. மூன்றையும் ஒரே அட்டவணையில் போட்டால் கேட்பவர்கள் என்னைத்தான் கேள்வி கேட்பார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். சிஎஸ்எஃப் அளவு இரத்த அளவைப் பின்தொடருமா? இவ்வளவு முரண்பாடு ஏன்? உறுதியாகச் சொல்லக்கூடிய ஹார்மோன்கள் ஏதாவது உண்டா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள், நேரம் எடுத்துப் படிக்கிறேன்.

---

நீரோட்டம் பதில்:

நல்ல கேள்வி. ஹார்மோன் பட்டியலுக்குள் போகுமுன் அந்த நீரையே கொஞ்சம் கவனியுங்கள், பாதிக் குழப்பம் அங்கேதான் இருக்கிறது.

பெரியவர்களிடம் மொத்த சிஎஸ்எஃப் சுமார் 125 முதல் 150 மில்லி. ஒரு நாளில் உற்பத்தியாவது சுமார் 500 மில்லி, பெரும்பகுதி மூளை அறைகளில் இருக்கும் கோராய்டு பிளெக்ஸஸ் என்ற திசுவில் சுரக்கிறது. அதாவது இளம் வயதில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை அந்த நீர் முழுக்கப் புதுப்பிக்கப்படுகிறது. வயதானால் மூளை சற்றுச் சுருங்கி, அந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்வதால் கொள்ளளவு கூடும், உற்பத்தி வேகம் குறையும். 1990-இல் வந்த ஓர் ஆய்வில் இளைஞர்களிடம் நிமிடத்துக்கு 0.41 மில்லியும் முதியவர்களிடம் 0.19 மில்லியும் கிடைத்தன. முதியவரிடம் மொத்த நீர் 200 மில்லி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், நான்கு முறை மாறிக்கொண்டிருந்தது ஒன்றரை முறைக்கும் கீழே வந்துவிடுகிறது.

இதில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கொள்ளளவு கூடினால் ஹார்மோன் நீர்த்துப்போகும் என்று நினைப்பார்கள். ஒரு தொட்டிக்குள் நிமிடத்துக்கு இவ்வளவு உப்பு விழுகிறது, இவ்வளவு தண்ணீர் உள்ளே வந்து அதே அளவு வெளியே போகிறது என்றால், கடைசியில் நிலைத்து நிற்கும் செறிவைத் தீர்மானிப்பது உப்பு விழும் வேகமும் தண்ணீர் ஓடும் வேகமும்தான். தொட்டி எவ்வளவு பெரியது என்பது அந்த நிலைக்கு வந்துசேர ஆகும் நேரத்தை மட்டும் மாற்றும். ஆகவே மூளை ஒரு பெப்டைடை முன்போலவே சுரந்துகொண்டிருந்து, அது வெளியேற நீரோட்டம் மட்டுமே வழி என்றால், ஓட்டம் பாதியானதும் செறிவு இருமடங்காகத் தெரியும். சுரப்பு ஒரு துளிகூடக் கூடியிருக்காது. சுரப்பும் பாதியாகியிருந்தாலோ, செறிவில் மாற்றமே தெரியாது. "வயதோடு மாற்றமில்லை" என்ற வரியைப் பார்த்ததும் சுரப்பு அப்படியே இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள்.

பெப்டைடுகளை நொதிகளும் உடைக்கின்றன, செல்களும் உள்ளிழுக்கின்றன, அதனால் உண்மை நிலை இந்தக் கணக்கைவிடச் சிக்கலானது. ஆனாலும் எந்தப் பக்கம் சாயும் என்று புரிந்துகொள்ள இது போதும்.

அப்புறம் ஆல்புமின் விகிதம். ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் மூளையில் உருவாவதில்லை, சிஎஸ்எஃப்-இல் இருப்பது எல்லாம் இரத்தத்திலிருந்து வந்தது. சிஎஸ்எஃப் ஆல்புமினை இரத்த ஆல்புமினால் வகுத்தால் வரும் எண் வயதோடு ஏறும். அதன் மேல் எல்லைக்கு ஆய்வகங்களில் புழங்கும் கணக்கு எளிது: வயதை 15-ஆல் வகுத்து 4 கூட்டி, ஆயிரத்தில் எத்தனை என்று சொல்வார்கள். 30 வயதில் ஆயிரத்துக்கு 6, 75 வயதில் ஆயிரத்துக்கு 9. இதைப் பார்த்ததும் "வயதானால் இரத்த-மூளைத் தடுப்பு ஓட்டையாகிறது" என்று முடிவு கட்டுவது வழக்கம். நீர் மெதுவாக ஓடினாலே இந்த விகிதம் ஏறிவிடும் என்ற வாதமும் வலுவாக இருக்கிறது. என் பார்வையில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன, ஆனால் ஓட்டத்தைக் கணக்கில் எடுக்காமல் ஓட்டையைப் பற்றிப் பேசுவது சரியில்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. இரத்த அளவைப் பின்தொடருமா என்பதற்கு, அந்த ஹார்மோன் எங்கிருந்து வருகிறது என்பதுதான் பதில். விழிப்பைத் தாங்கும் ஒரெக்சின், வளர்ச்சி ஹார்மோனை அடக்கும் சொமாட்டோஸ்டாட்டின், மன அழுத்தத்தில் சுரக்கும் சிஆர்ஹெச், மூளைக்குள் வெளியாகும் வாசோபிரெசின் (உடலில் நீரைத் தக்கவைப்பது), ஆக்சிடோசின் (பிரசவத்தோடு தொடர்புடையது) எல்லாம் நரம்புச் செல்களிலிருந்து நேராக வருபவை. இரத்தத்தில் ஓடும் ஆக்சிடோசினில் மிகச் சொற்பமே உள்ளே நுழையும். இன்சுலினும், கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டினும் வேறு வகை. அவை பெரும்பாலும் இரத்தத்திலிருந்து கடத்திகள் வழியாகத்தான் வருகின்றன, அந்தக் கடத்திகளுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. லெப்டினில் இது 1996-லேயே தெளிவாகிவிட்டது: உடல் பருத்தவர்களின் இரத்தத்தில் லெப்டின் ஒல்லியானவர்களைப்போல் நான்கு மடங்கு இருந்தபோது சிஎஸ்எஃப்-இல் 30 சதவீதம்தான் கூடியிருந்தது. இன்சுலினிலும் இதே போக்குதான். இன்சுலின் எதிர்ப்பு உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இரத்தத்தோடு ஒப்பிட்ட சிஎஸ்எஃப் பங்கு குறைகிறது. இரத்தத்தில் ஏறியும் மூளைக்கு விகிதத்தில் குறைவாகவே போய்ச் சேருகிறது. உங்கள் அட்டவணையில் இந்த இரண்டு வகையையும் ஒரே பத்தியில் போட்டால் குழப்பம் தீரவே தீராது.

---

மயக்கமருந்து பதில்:

நீரோட்டம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்த நீர் யாரிடமிருந்து, எப்படி எடுக்கப்பட்டது என்பதைக் கட்டுரையின் வழிமுறைப் பகுதியில் முதலில் தேடுங்கள்.

இரத்தம்போல இதை யாரிடமும் கேட்டு வாங்கிவிட முடியாது. நலமாக இருக்கும் ஒருவர் ஆய்வுக்காக மட்டும் முதுகில் ஊசி ஏற்றிக்கொள்ள முன்வருவது அபூர்வம், பிறகு வரும் தலைவலிக்குப் பயப்படுவார்கள், அதில் நியாயமும் உண்டு. எனவே ஒப்பீட்டுக் குழு பெரும்பாலும் வேறு காரணத்துக்காக வந்தவர்கள். தலைவலிக்குப் பரிசோதிக்க வந்து எல்லாம் சரியாக இருந்தவர்கள் ஒரு வகை. தண்டுவட மயக்கத்தில் அறுவை சிகிச்சைக்கு வந்தவர்கள் இன்னொரு வகை.

அந்த இரண்டாவது வகை எனக்கு அன்றாடம். நோயாளியை உட்காரவைத்து, மூன்றாம் நான்காம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே மெல்லிய ஊசியை விடுவோம், உறையைத் தாண்டும்போது கைக்கு ஒரு சின்ன விடுபடல் தெரியும். உள்கம்பியை உருவினால் சில நொடிகளில் கண்ணாடிபோலத் தெளிந்த ஒரு துளி ஊசியின் வாயில் வந்து நிற்கும். 25 அல்லது 27 அளவு ஊசி என்றால் அது சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மருந்து செலுத்துமுன் ஒன்றிரண்டு மில்லி பிடித்துக்கொள்ளலாம், ஆய்வுக்கு இதுதான் போகும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். தண்டுவட மயக்கத்துக்கு வரும் இளம் வயதினரில் பெரும்பங்கு சிசேரியனுக்கு வரும் பெண்கள். வயதானவர்களில் பலர் இடுப்பெலும்பு முறிவோடு வருபவர்கள். இந்த இரு கூட்டத்தையும் வைத்து ஆக்சிடோசினையும் வாசோபிரெசினையும் ஒப்பிட்டால் வருவது வயதின் விளைவா? ஒரு பக்கம் நிறைமாதக் கர்ப்பம். இன்னொரு பக்கம் வலி, நீரிழப்பு, பதற்றம், பட்டினி, போதாக்குறைக்கு வலிநிவாரணிகள். வலியும் நீரிழப்பும் வாசோபிரெசினை ஏற்றும் என்பது மருத்துவ மாணவருக்கே தெரியும். வயது வரம்பு மட்டும் கொடுத்துவிட்டு எதற்காக வந்தவர்கள் என்று சொல்லாத கட்டுரையை நான் ஒதுக்கிவைத்துவிடுவேன்.

எத்தனையாவது மில்லி என்பதும் முக்கியம். முதலில் வருவது இடுப்புப் பகுதியில் தேங்கியிருந்த நீர், தொடர்ந்து எடுக்க எடுக்க மேலிருந்து வருவதும் கலக்கும். மூளையிலிருந்து வரும் பொருள்கள் சிலவற்றுக்கு மேலே செறிவு அதிகம், ஆல்புமினுக்குக் கீழே அதிகம். ஒரு குழுவில் 2 மில்லியும் இன்னொரு குழுவில் 12 மில்லியும் எடுத்து ஒப்பிடக் கூடாது. ஊசி ஒரு சிறு நாளத்தைக் கீறி இரத்தம் கலந்துவிட்டால் இன்சுலின் அளவு உடனே பொய்யாகிவிடும், இரத்தத்தில் அது அவ்வளவு அதிகம். வயதானவர்களின் முதுகெலும்பு தேய்ந்திருப்பதால் ஊசியை இரண்டு மூன்று முறை திருப்பிவிட வேண்டியிருக்கும், இரத்தம் கலக்கும் வாய்ப்பும் அவர்களிடமே அதிகம்.

---

உடலியல்_மாணவி:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. சிசேரியன், இடுப்பெலும்பு ஒப்பீடு என் மனதில் தோன்றவே இல்லை, உடனே கட்டுரைகளைத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிஎஸ்எஃப் கொள்ளளவு பற்றிய கணக்கையும் கருத்தரங்கில் சொல்லப்போகிறேன்.

ஒரெக்சின் பற்றி ஒரு சந்தேகம். வயதானவர்களுக்குத் தூக்கம் துண்டுதுண்டாகிறது, ஒரெக்சின்தான் விழிப்பைத் தாங்கிப் பிடிக்கிறது என்கிறார்கள். அப்படியானால் வயதானால் ஒரெக்சின் குறைய வேண்டுமா, கூட வேண்டுமா?

---

விழிப்பு பதில்:

ஒரெக்சினைத் தேர்ந்தெடுத்தது நல்லது தங்கச்சி. இந்தக் கூட்டத்தில் நோயைக் கண்டறியச் சிஎஸ்எஃப் அளவு உண்மையிலேயே பயன்படும் பெப்டைடு அதுதான், அதனால் அளவீடும் ஓரளவு ஒழுங்காக இருக்கிறது.

1998-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தன, ஒன்று ஒரெக்சின் என்றது, மற்றது ஹைபோக்ரெட்டின் என்றது. 2000-இல், பகலில் அடக்கமுடியாத தூக்கம் வரும் நார்கோலெப்சி நோயாளிகளின் சிஎஸ்எஃப்-இல் அது ஏறக்குறைய இல்லாமலே போயிருப்பது தெரிந்தது. இன்று ஒரு மில்லியில் 110 பிகோகிராம் அல்லது அதற்குக் கீழே இருந்தால் முதல் வகை நார்கோலெப்சி என்பதற்கு வலுவான சான்று, 200-க்கு மேல் இருந்தால் இயல்பு. இந்த எல்லைக்கு வயதுத் திருத்தம் கிடையாது, சிறுவனுக்கும் முதியவருக்கும் ஒரே எண்தான். நலமானவர்களிடம் வயதோடு பெரிய மாற்றம் தெரியாததால்தான் அது செல்லுபடியாகிறது.

அதற்காக ஒரெக்சின் அமைப்பு வயதால் பாதிக்கப்படுவதில்லை என்று சொல்ல முடியாது. 2022-இல் சயின்ஸ் இதழில் ஸ்டான்ஃபோர்டு குழு எலிகளில் காட்டியது மிக அழகான வேலை. வயதான எலிகளில் ஒரெக்சின் நரம்புச் செல்கள் எண்ணிக்கையில் குறைந்திருந்தன, ஆனால் மிஞ்சியிருந்தவை சட்டென்று தூண்டப்பட்டுச் சுடும் நிலையில் இருந்தன. அந்தச் செல்களை அடக்கிவைக்கும் ஒரு பொட்டாசியம் வாயில் பலவீனமாகியிருந்ததுதான் காரணம், அதைத் திறக்கும் மருந்தைக் கொடுத்தபோது தூக்கம் சீரானது. ஆட்கள் குறைவு, மிஞ்சியவர்களுக்கு வேலை அதிகம், மொத்தக் கூட்டல் ஏறக்குறைய அதே. ஒரு குழாய் நீரில் அளந்தால் எதுவுமே நடக்காததுபோலத் தெரியும், தூக்கம் மட்டும் சிதறிக்கிடக்கும். உன் கேள்விக்கு என் பதில், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம், வெளியாகும் முறை மாறினாலே போதும்.

நாளின் எந்த நேரத்தில் எடுத்தார்கள் என்பதையும் பார். வாசோபிரெசின் சிஎஸ்எஃப்-இல் நாள்முழுவதும் ஏறி இறங்கும், இரத்தத்தில் அந்தத் தாளம் தெரியாது என்பதைப் பூனைகளில் 1981-லேயே காட்டிவிட்டார்கள். அந்தத் தாளத்தின் ஊற்று மூளையின் கடிகாரமான சுப்ராகயாஸ்மாட்டிக் உட்கரு. 1985-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் மனித மூளைகளை ஆராய்ந்து, 80 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த உட்கருவின் வாசோபிரெசின் செல்கள் குறைந்திருப்பதைக் கண்டார்கள், அல்சைமர் நோயாளிகளிடம் இன்னும் அதிகமாகக் குறைந்திருந்தன. பிட்யூட்டரி வழியாக இரத்தத்துக்கு அனுப்பும் வாசோபிரெசின் செல்கள் முதுமையிலும் நன்றாகவே தாக்குப்பிடிக்கின்றன. உப்புக்கரைசல் ஏற்றிப் பார்த்த 1978 ஆய்வில் முதியவர்களின் இரத்தத்தில் வாசோபிரெசின் இளைஞர்களைவிட அதிகமாகவே ஏறியது. ஒரே ஹார்மோன், ஒரே மூளை, ஓரிடத்தில் தேய்வு, மற்றோரிடத்தில் சுறுசுறுப்பு. ஆய்வுக்கு நீர் எடுப்பது பெரும்பாலும் காலையில். உச்சம் தாழ்ந்து பள்ளம் உயர்ந்து தாளமே தட்டையாகியிருந்தாலும், காலை ஒரே ஒரு மாதிரியில் அது சிக்காது.

---

சோதனைக்குழாய் பதில்:

எல்லோரும் உடலுக்குள் நடப்பதைச் சொன்னீர்கள், குழாய்க்குள் நடப்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் அது என் வேலை, அங்கே கெட்டுப்போன மாதிரிகளைப் பார்த்தால் வயிறு எரியும்.

பெப்டைடுகள் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பாலிஸ்டைரீன் குழாயில் போட்டால் ஒரு பகுதி சுவருக்கே போய்விடும், பாலிபுரொப்பிலீனில் இழப்பு குறைவு. நீரில் மற்ற புரதம் குறைவாக இருந்தால் சுவரில் போட்டியே இல்லாததால் பெப்டைடு இன்னும் அதிகமாக ஒட்டும். இளைஞர்களின் சிஎஸ்எஃப்-இல் புரதம் குறைவு, முதியவர்களிடம் அதிகம். அப்படியானால் ஒரே குழாயில், ஒரே கையால் செய்தாலும் இளைஞரின் மாதிரியில் இழப்பு கூடுதலாகி, வயதோடு பெப்டைடு ஏறுவதுபோல ஒரு சாயல் வர வாய்ப்புண்டு. உறையவைத்து உருக்கி மறுபடி உறையவைத்த மாதிரிகளும் நம்பத்தகுந்தவை அல்ல.

அடுத்து, ஹார்மோனைப் பிடித்து அளக்கப் பயன்படும் எதிர்ப்பொருள். யாலோவும் பெர்சனும் இன்சுலினுக்கு உருவாக்கிய கதிரியக்க எதிர்ப்பொருள் முறைதான் இந்தத் துறைக்கே கண் திறந்தது, 1977-இல் யாலோவுக்கு நோபல் கிடைத்தது. ஆனால் எதிர்ப்பொருள் பிடிப்பது முழு ஹார்மோனையா, அதன் துண்டையா, ஒத்த வடிவம் கொண்ட வேறொன்றையா என்பது ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய கேள்வி. பழைய கட்டுரைகளில் "சொமாட்டோஸ்டாட்டின் போன்ற வினை" என்று எழுதியிருப்பார்கள், அந்தக் "போன்ற" மிக நேர்மையான சொல், ஏனென்றால் 14 அமினோ அமில வடிவமும் 28 அமினோ அமில வடிவமும் துண்டுகளும் அதில் சேர்ந்தே வரும். ஆக்சிடோசினில் நிலைமை இன்னும் மோசம். மாதிரியிலிருந்து பெப்டைடைப் பிரித்தெடுக்காமல் நேரடியாக அளந்தால் பல மடங்கு அதிக எண் வரும், காரணம் மற்ற புரதங்களின் குறுக்கீடு. ஆகவே பிரித்தெடுத்து அளந்த கட்டுரையையும் நேரடியாக அளந்த கட்டுரையையும் பக்கத்தில் வைத்து "முரண்பாடு" என்று எழுத வேண்டாம், அவை அளந்ததே வேறு வேறு.

சொமாட்டோஸ்டாட்டின் பற்றி ஒரு தனி எச்சரிக்கை. 1980-இல் அல்சைமர் நோயாளிகளின் மூளைப் புறணியில் அது குறைந்திருப்பது தெரியவந்தது, பிறகு சிஎஸ்எஃப்-இலும் குறைவு பலமுறை உறுதியானது. அல்சைமரில் அமிலாய்டு என்ற புரதம் மூளையில் படிவது அறிகுறி தெரிவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடும். எனவே "நலமான 75 வயதினர்" என்று சேர்த்த குழுவிலேயே சிலருக்கு நோய் ஓசையில்லாமல் தொடங்கியிருக்கும். அவர்கள் சராசரியைக் கீழே இழுத்துவிட்டால் நோயின் விளைவு வயதின் விளைவாகப் பதிவாகிவிடும். அதே மாதிரியில் இந்நோயின் அடையாளங்களான அமிலாய்டு-பீட்டா 42-ஐயும் டாவ் புரதத்தையும் அளந்து அப்படிப்பட்டவர்களை விலக்கிய ஆய்வாகத் தேடுங்கள்.

---

மறுகேள்வி பதில்:

நீரோட்டம் காட்டிய 0.41, 0.19 பற்றி ஒரு மறுப்பு. அந்த ஆய்வு மாசர்மன் முறையில் செய்தது. குறிப்பிட்ட அளவு நீரை எடுத்துவிட்டு, அழுத்தம் பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து உற்பத்தியைக் கணக்கிடுவார்கள். முதியவர்களிடம் உறைகளின் நெகிழ்ச்சியே வேறு, அழுத்தம் திரும்புவது உற்பத்தியை மட்டும் பொறுத்ததல்ல. எம்ஆர்ஐ வைத்து நீரோட்டத்தைப் பார்த்த ஆய்வுகளின் எண்களும் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. பாதியாகிறது என்று அடித்துச் சொல்லலாமா?

---

நீரோட்டம்:

சரியான மறுப்பு. பாதி என்ற அளவை நானும் பிடித்துக்கொண்டு நிற்கமாட்டேன், அது ஒரு முறையின் எண். புதுப்பிப்பு மெதுவாகிறது என்ற திசைக்குக் கொள்ளளவு கூடுவதே ஓரளவு ஆதாரம், ஏனென்றால் உற்பத்தி அப்படியே இருந்தாலும் பெரிய கொள்ளளவு மாற அதிக நேரம் எடுக்கும். ஆனால் செறிவு ஏறும் என்ற என் வாதத்துக்கு உற்பத்தி குறைய வேண்டும், கொள்ளளவு மட்டும் போதாது. ஆகவே மாணவி இதைச் சொல்லும்போது எந்த முறையில் கிடைத்த எண் என்பதையும் சேர்த்தே சொல்லட்டும்.

---

உடலியல்_மாணவி:

இதையும் குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று. ஒரு வரைபடம் போடலாம் என்றிருக்கிறேன், வயது கீழே, பெப்டைடு அளவு மேலே. எல்லாப் பெப்டைடையும் ஆல்புமின் விகிதத்தால் வகுத்துச் சரிசெய்துவிட்டால் போதுமா?

---

நீரோட்டம்:

எல்லாவற்றையும் வேண்டாம். இன்சுலின், லெப்டின்போல இரத்தத்திலிருந்து வருபவற்றுக்கு அதே நபரின் இரத்த அளவால் வகுத்த விகிதத்தைப் போடுங்கள், ஆல்புமின் விகிதத்தைப் பக்கத்தில் தனிக்கோடாகக் காட்டுங்கள். ஒரெக்சின், சொமாட்டோஸ்டாட்டின்போல மூளையிலிருந்து வருபவற்றை ஆல்புமினால் வகுத்தால் ஓட்டத்தின் விளைவு தோராயமாகக் குறையும், ஆனால் தடுப்பில் உண்மையிலேயே கசிவு இருப்பவர்களிடம் பெப்டைடு செயற்கையாகக் குறைந்ததுபோலக் காட்டிவிடும். அதனால் வகுக்காத எண்ணையும் மறைக்காமல் போடுங்கள். மாதிரி எடுத்த நேரத்தைப் புள்ளிகளின் நிறமாகக் கொடுத்தால் விழிப்பு சொன்ன சிக்கல் பார்ப்பவர்களுக்கே தெரியும்.

பச்சிளங்குழந்தைகளை அந்தக் கோட்டில் சேர்க்காதீர்கள். பிறந்த புதிதில் மொத்த நீரே 50 மில்லிக்கு அருகில்தான், புரதம் மிக அதிகமாகத் தொடங்கி முதல் சில மாதங்களில் வேகமாக இறங்கும். அவர்களையும் முதியவர்களையும் ஒரே நேர்கோட்டால் இணைத்தால் நடு வயதில் இல்லாத ஒரு சரிவு வந்து நிற்கும்.